அஸ்தம்பட்டியில் ஒரு ஞாயிறு வகுப்பு: பிரிட்டிஷ் கூட்டணி ஆட்சிகள்

யுபிஎஸ்சிக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில், பிரிட்டனின் கூட்டணி ஆட்சிகளைத் தனிப் பகுதியாக வைத்து ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார்கள். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. நான் லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வாரத்தில் எனக்கு லீவு அந்த ஒரு நாள்தான். அதை இந்த வகுப்புக்குக் கொடுத்தது வீண்போகவில்லை.

காரணம் ஆசிரியர். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் 1783-இல் ஆரம்பித்தார். அமெரிக்க விடுதலைப் போரை நடத்தியதற்காக, அப்போது பிரதமராக இருந்த நார்த்தைச் சபையில் கிழித்துத் தொங்கவிட்டவர் எதிர்வரிசை எம்.பி. ஃபாக்ஸ். அதே இரண்டு பேரும் சேர்ந்து, போர்ட்லாண்ட் கோமகனைப் பிரதமராக முன்னால் நிறுத்தி ஆட்சிக்கு வந்தார்கள். ஏப்ரலில் வந்தது டிசம்பரில் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுக்குள் கொண்டுவர அவர்கள் போட்ட மசோதா கீழவையில் தேறிவிட்டது. அதற்கு ஓட்டுப் போடுகிறவர் தன் எதிரி என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சொல்லியனுப்பவும், பிரபுக்கள் சபையில் தோற்றது. இவ்வளவும் எந்த கைடிலும் கிடைக்கும். சார் அங்கே நிறுத்தி, "நம்ம சேலம் கம்பெனி கைக்கு எப்பக் கண்ணு போச்சு?" என்று கேட்டார். 1792, திப்புவோடு நடந்த போருக்குப் பிறகு. அந்த மசோதா விழுந்த இடத்தில் அடுத்துப் பிரதமரான இளைய பிட் கொண்டுவந்த 1784 சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் அலெக்சாண்டர் ரீடு இங்கே முதல் கலெக்டராக வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எனக்கு 1783 மறக்கவே இல்லை.

பிரதமர் அபர்டீனின் ஆட்சியைப் பற்றிய வகுப்புதான் எல்லாவற்றிலும் சிறந்தது. இங்கிலாந்துக்குக் கூட்டணிகள் பிடிக்காது என்று பழமைவாதக் கட்சியின் டிஸ்ரேலி 1852 டிசம்பரில் சபையில் சொல்லி முடித்த சில நாட்களில், விக்குகளும் (லிபரல் கட்சிக்கு முன்னோடிகள்) பழமைவாதக் கட்சியிலிருந்து பிரிந்த பீல் ஆதரவாளர்களும் சேர்ந்து அமைத்த ஆட்சி அது. கிரிமியப் போரை நடத்திய லட்சணத்தை விசாரிக்கக் கமிட்டி கேட்டு ரோபக் என்ற எம்.பி. கொண்டுவந்த தீர்மானம் 1855 ஜனவரியில் 305-க்கு 148 என்று நிறைவேற, ராஜினாமா செய்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்துக்குள், 1853-இல், இந்திய சிவில் சர்வீஸுக்குச் சிபாரிசை ஒழித்துப் போட்டித் தேர்வு என்று சட்டமாக்கியது அவர்கள்தான். நாங்கள் எழுதப்போகும் பரீட்சைக்கு வேர் அங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பில் பேச்சு மூச்சில்லை. இதை இப்படிக் கோத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

1931-க்கு அவர் போர்டில் போட்ட படத்தை என் நோட்டில் அப்படியே வைத்திருக்கிறேன். மேலே தொழிற்கட்சிப் பிரதமர் மெக்டொனால்டு. வேலையில்லாதவர்களின் உதவித்தொகையைக் குறைப்பதில் தொழிற்கட்சி மந்திரிசபை இரண்டாக உடைகிறது. பழமைவாதிகளோடும் லிபரல்களோடும் சேர்ந்து அவர் தேசிய அரசாங்கம் அமைக்க, சொந்தக் கட்சி அவரையே வெளியேற்றுகிறது. அங்கிருந்து ஒரு அம்புக்குறி: அதே தேசிய அரசாங்கம் போட்ட 1935 இந்திய அரசுச் சட்டம். அடுத்த அம்புக்குறி: 1937-இல் ராஜாஜியின் சென்னை மாகாண மந்திரிசபை. கடைசி அம்புக்குறி நேராக நம் ஊருக்கு: 1937 அக்டோபர் 1, மாகாணத்திலேயே முதலில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. லண்டனில் மந்திரிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு நாலு படி இறங்கிச் சேலத்துக் கள்ளுக்கடை வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்தபோது, பாடம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது.

பழமைவாதிகளோடு கூட்டணி ஆட்சி நடத்திய லிபரல் பிரதமர் லாயிட் ஜார்ஜை வேகமாக முடித்துவிட்டார். 1922 அக்டோபரில் கார்ல்டன் கிளப்பில் பழமைவாத எம்.பி.க்கள் கூடித் தனித்துப் போட்டி என்று முடிவெடுத்தது, அதற்குப் பிறகு லிபரல் பிரதமர் ஒருவரும் வராதது, அவ்வளவுதான். அந்தக் கூட்டணியில் இந்தியத் துறை மந்திரியாக இருந்த மாண்டேகு கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டத்தின் வழியாகத்தான் நம் குமாரமங்கலம் சுப்பராயன் 1926-இல் சென்னை மாகாண முதல் மந்திரியானார். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இனி குறைகள். அச்சடித்துக் கொடுக்கும் மெட்டீரியலில் 1977 லிப்-லேப் (லிபரல்-தொழிற்கட்சி) ஒப்பந்தத்தைக் கூட்டணி ஆட்சிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். லிபரல்கள் அப்போது வெளியிலிருந்துதான் ஆதரவு கொடுத்தார்கள், ஒரு மந்திரி பதவிகூட வாங்கவில்லை. சார் வகுப்பில் திருத்திச் சொன்னார், தாளில் தப்பு அப்படியே கிடக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளில் இது கூடாது.

கூட்டணியில் சேரும் சின்னக் கட்சி தேய்ந்து போகும் என்றும் அதில் பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறது. 2010-க்குப் பொருந்தும்: 306 இடம் வைத்திருந்த பழமைவாதக் கட்சித் தலைவர் கேமரூனுக்கு 57 இடத்தோடு கை கொடுத்த லிபரல் டெமாக்ரட்டுகள், ஏற்றவே விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த கல்லூரிக் கட்டணத்தை 9,000 பவுண்டு வரை ஏற்ற ஒத்துக்கொண்டு, 2015-இல் 8 இடத்துக்கு வந்தார்கள். ஆனால் சர்ச்சிலின் போர்க்கால ஆட்சியில் சேர்ந்த தொழிற்கட்சி 1945-இல் 393 இடம் ஜெயித்ததே? எழுந்து சாரிடம் கேட்டேன். "தொழிற்கட்சிக்காரங்க பெவின் கையில தொழிலாளர் துறை, மோரிசன் கையில உள்துறை. ஜனங்க தினமும் பார்த்த வேலை அவங்க வேலை கண்ணு. எந்த இலாகா யாருகிட்ட இருந்துச்சுன்னு மொதல்ல எழுதிப் பாரு" என்றார். மெயின்ஸ் விடைக்கு இந்த ஒரு வழி போதும், மெட்டீரியலில் இது இல்லை. 2010-ஐக் கடைசி நாளில் அவசர அவசரமாக ஓட்டியதும் ஏமாற்றம்தான்.

கட்டணம் 3,500 ரூபாய், இரண்டு தவணையாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். மாடி ஹாலில் மதியம் வெக்கை தாங்காது, ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். குரூப் 2, குரூப் 4 மட்டும் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு ஆழம் தேவைப்படாது. மெயின்ஸ் எழுதுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், ஆனால் மெட்டீரியலை நம்பி நோட்டு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.