மட்டா, ஆல்பைனா: லைன் கட்டாகும் ஆபீசுக்கு எது சரி?

தம்புச் செட்டித் தெரு மாடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபி ரேம் உள்ள பழைய லினக்ஸ் பெட்டி. பிரவுசரில் ஜிமெயில் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். மழைக்கு பிராட்பேண்ட் போகும். போனிலிருந்து ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவார்கள். இந்த இடத்துக்கு டெர்மினல் மெயில்தான் சரி, அதாவது எழுத்து மட்டும் ஓடும் திரையில் மெயில் பார்க்கும் புரோகிராம். மட் (Mutt), ஆல்பைன் (Alpine) இரண்டில் எது என்றால், என் ஓட்டு மட்டுக்கு.

ஆல்பைனை முதலில் சொல்லிவிடலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுதிய பைன் என்ற பழைய மெயில் புரோகிராமின் வாரிசு. என்ன அழுத்த வேண்டும் என்று திரையின் அடியிலேயே காட்டும். எஸ், சி என்று இரண்டு எழுத்து தட்டினால் செட்டிங்ஸ் வந்துவிடும். எச்டிஎம்எல் மெயிலைத் தானே பிரித்துக் காட்டும். மட்டில் அதற்கு, எதை எதில் திறப்பது என்று சொல்லும் மெயில்கேப் ஃபைலில் டபிள்யூ3எம் என்ற டெர்மினல் பிரவுசரைக் கோர்த்து, தானாகக் காட்டச் சொல்லும் ஆட்டோவியூவும் போட வேண்டும். புதிதாக வரும் பையனுக்குக் கற்றுக்கொடுக்க ஆல்பைனே சுலபம், சந்தேகமில்லை.

ஆனால் லைன் போனால்? ஆல்பைன் மெயிலை சர்வரிலேயே வைத்து, திரைக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். இணைப்பு அறுந்ததும் இன்பாக்ஸ் மூடிவிட்டதாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். காலையில் வந்த பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டைக்கூடத் திறக்க முடியாது. மட்டையும் நேரடி ஐமேப்பில் (சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே படிக்கும் முறை) ஓட்டினால் ஏறக்குறைய இதே கதிதான்.

வித்தியாசம் எம்பிசிங்க் என்ற துணைப் புரோகிராமில் இருக்கிறது. அது மெயிலை மெயில்டிர் ஃபோல்டராக, ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல் என்று, டிஸ்க்கில் இறக்கி வைக்கும். மட் அதைத்தான் படிக்கும். அனுப்ப எம்எஸ்எம்டிபி என்ற இன்னொரு புரோகிராம். லைன் இல்லாதபோது அனுப்புவது தொலையாமலிருக்க அதோடு வரும் எம்எஸ்எம்டிபிக்யூ வரிசையில் வைத்துக்கொள்ளும். வரிசை ஃபோல்டர் இல்லையென்றால் 700 பர்மிஷனோடு (சொந்தக்காரர் மட்டும் திறக்கும்படி) நாமே உருவாக்கி வைக்க வேண்டும்.

அமைக்கும்போது இடறும் இடங்கள்: கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு கிடைக்கும். திரையில் நாலு நாலாகப் பிரித்துக் காட்டும். இடைவெளி விடாமல் எழுதுங்கள். பிறகு கூகுள் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். நன்றாக ஓடியது திடீரென லாகின் மறுத்தால் முதலில் அதைக் கேளுங்கள். பாஸ்வேர்டு உள்ள எம்எஸ்எம்டிபி ஃபைலுக்கு 600 பர்மிஷன் (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) இல்லையென்றால் அது ஓட மறுக்கும். அனுப்பும் சர்வரின் 587 போர்ட்டுக்கு ஸ்டார்ட் டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கி ரகசிய இணைப்பாக மாறும் முறை) வேண்டும். 465 என்றால் அதை ஆஃப் செய்ய வேண்டும், இல்லையேல் அனுப்பும்போது அப்படியே தொங்கும். எம்பிசிங்க்குக்கு மாஸ்டர், ஸ்லேவ் என்று எழுதிய பழைய கான்ஃபிக் கிடைத்தால் காப்பியடிக்காதீர்கள், 1.4-லிருந்து அவை ஃபார் (இங்கே சர்வர் பக்கம்), நியர் (நம் டிஸ்க் பக்கம்).

எல்லா ஃபோல்டரும் வேண்டும் என்று நட்சத்திரக்குறி போட்டால் எல்லா மெயிலையும் காட்டும் ஜிமெயிலின் ஆல் மெயில் ஃபோல்டரும் சேர்ந்து ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை இறங்கும். நாளொன்றுக்கு ஐமேப்பில் 2,500 எம்பிதான் இறக்க கூகுள் அனுமதிக்கும். ஸ்கேன் பிடிஎஃப் நிறைந்த பெட்டியில் முதல் நாளே அதைத் தொட்டுவிடலாம். ஆல் மெயிலைக் கழித்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு எத்தனை மெயில் என்று சொல்லும் மேக்ஸ்மெசேஜஸை 5,000 என்று வையுங்கள்.

குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் கிரானில் எம்பிசிங்க்கை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடலாம். ஹாட்ஸ்பாட் மந்தமாகி ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பினால் 'சேனல் லாக்' என்று பிழை வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லாக் கட்டளையை மைனஸ் என் போட்டு முன்னால் வைத்தால் இரண்டாவது ஓட்டம் சத்தமில்லாமல் விலகிவிடும்.

தமிழ்த் தலைப்பு கேள்விக்குறியாகத் தெரிந்தால் மட்டைக் குறை சொல்லாதீர்கள், லினக்ஸின் மொழி, எழுத்து அமைப்பான லோக்கேலை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். எழுத்து சரியாகவும் காலும் கொம்பும் மட்டும் விலகியும் நின்றால் டெர்மினலை மாற்றிப் பாருங்கள்.

தடையில்லாத ஃபைபரும், ஒரே அக்கவுன்டும், கான்ஃபிக் ஃபைலைத் தொடப் பிடிக்காத ஆளும் இருந்தால் ஆல்பைனே போதும். மட் பக்கம் வந்தால் இன்னொன்று: 5,000 தாண்டியதும் எம்பிசிங்க் பழைய மெயிலை டிஸ்க்கிலிருந்து கழிக்கும், சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். படிக்காததையும் கொடி குத்தியதையும் அது தொடாது. பாக்கி நிற்கும் ஷிப்பிங் பில் மெயில்களுக்குக் கேபிடல் எஃப் தட்டிக் கொடி குத்திவிடுங்கள்.