தொடுதிரையை விட்டுவிட்டுப் பார்த்தால்: சமூகப்பணி வகுப்பறையில் நான்கு ஆண்டுகள்

அதிகப் பணம் போனது 75 அங்குலத் தொடுதிரைக்கு. இந்த நான்கு ஆண்டுகளில் அதை விரலால் தொட்டவர்களை எண்ணிவிடலாம். இப்போது அது லேப்டாப்பில் இருப்பதைக் காட்டும் பெரிய டிவி, அவ்வளவுதான். சாதாரண டிவியே வாங்கியிருக்கலாம்.

சமூகப்பணித் துறையில் களப்பணியை ஒருங்கிணைப்பது என் வேலை. மாணவர்கள் களப்பணிக்குப் போகும் முகமைகள், குடியிருப்போர் குழுக்கள், மறுவாழ்வு இல்லங்கள் எல்லாம் எங்கள் வகுப்பறைக்குள் வந்து பாடத்தைச் சேர்ந்து நடத்த வேண்டும், நேரில் வர முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே கலந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த அறையைத் தயார் செய்தோம். திரை, 360 டிகிரி கேமரா, கூரையில் மைக், மேசையில் வைத்த தாளை மேலிருந்து படமெடுக்கும் ஆவணக் கேமரா, 12 டேப்லெட், சக்கரம் வைத்த மேசைகள். இதில் நான் குறையே சொல்லாத ஒரே பொருள் மேசைகள்தான். இரண்டு நிமிடத்தில் வட்டமாகப் போட்டுவிடலாம். வந்தவர்களை எதிரே உட்கார வைத்து நேர்காணல் நடத்துவது போல இருப்பதில்லை.

முதல் பாடம் ஒலியில் கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு குடியிருப்போர் குழுவுடன் ஒரு மணி நேரம் இணையவழிக் கூட்டம் நடத்தினோம். நடுநடுவே "கேக்குதா?" என்று கேட்டோம், "கேக்குது, கேக்குது" என்றார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் போனில் பேசும்போது, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "மேடம், பாதிதான் புரிஞ்சுது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டோம்." மைக் நல்ல மைக்தான். கோளாறு அறையில் இருந்தது. மூன்று பக்கம் வெறும் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி, வழுவழு தரை. கை தட்டினால் சத்தம் அறைக்குள்ளேயே சுற்றி வரும். வகுப்பறை ஒலிக்கென்று அமெரிக்காவில் ஒரு தரநிலை உண்டு. 283 கன மீட்டருக்கு உட்பட்ட காலி அறையில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும், பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அது. அளந்து பார்க்க எங்களிடம் கருவி இல்லை. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்டோம், பின்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகள் அடித்தோம். கூரை மைக்கை அணைத்துவிட்டு மேசைக்கு ஒரு சின்ன மைக் வைத்தோம். அதற்கப்புறம்தான் மறுமுனையில் இருந்தவர்கள் எங்கள் பேச்சுக்குக் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள். புரிந்தால்தானே மறுத்துப் பேச முடியும்?

கேமரா கதை வேறு. 360 டிகிரி கேமரா யார் பேசுகிறாரோ அவர் பக்கம் தானாகத் திரும்பி முகத்தைப் பெரிதாகக் காட்டும். கருத்தரங்கத்துக்கு அருமை. குடும்ப வன்முறையிலிருந்து மீண்டு வந்த ஒருவர் எங்கள் வகுப்பில் பேச வந்தார். நான் பேசும்போது என் முகம் பெரிசா வர வேண்டாம், முடிந்தால் வரவே வேண்டாம் என்றார். அந்தக் கேமராவுக்குப் பின்பக்கம் என்று ஒன்றே இல்லை! அன்றைக்கு மேலே துணியைப் போர்த்திச் சமாளித்தோம். அடுத்த பருவத்திலிருந்து முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமராவுக்கு மாறினோம். அது எதுவரை பார்க்கும் என்று தரையில் டேப் ஒட்டிக் காட்டியிருக்கிறோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் படத்தில் விழமாட்டீர்கள் என்று வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதிவு செய்வதும் தானியங்கி எழுத்துப்படியும் எப்போதும் அணைந்தே இருக்கும். வந்தவர் சம்மதித்தால் மட்டும் போடுவோம்.

கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர்கள் 10 மீட்டர் கேபிளை இழுத்துவிட்டுப் போனார்கள். கூட்டத்துக்கு நடுவில் கேமரா செத்துச் செத்துப் பிழைத்தது. நாங்கள் இரண்டு மாதம் இணையத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

டேப்லெட்டுகள் நன்றாக உழைக்கின்றன, ஆனால் வகுப்பறைக்கு வெளியே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே, அதன் வழிவந்த கோபோ டூல்பாக்ஸ் என்ற இரண்டு கணக்கெடுப்புச் செயலிகளிலும் நெட்வொர்க் இல்லாத இடத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். ஒரே படிவத்தைப் பல மொழிகளில் வைக்கலாம். நாங்கள் செய்த தப்பு, அலமாரியில் எந்நேரமும் சார்ஜில் போட்டு வைத்தது. மூன்றாம் ஆண்டில் இரண்டின் பேட்டரி உப்பிவிட்டது. இப்போது விடுமுறைக்கு முன் பாதி சார்ஜில் அணைத்து வைக்கிறோம்.

வரைபட வேலைக்கு க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள், இலவசம். சிகாகோவின் ஏழைக் குடியிருப்பில் மக்களோடு தங்கிச் சமூகப்பணி செய்த ஹல் ஹவுஸ்காரர்கள் வீடு வீடாகத் திரட்டிய தகவலை வைத்துக் கூலிக்கு ஒரு நிறம், பிறந்த நாட்டுக்கு ஒரு நிறம் என்று வரைபடம் தீட்டி 1895இல் வெளியிட்டதை எல்லாச் சமூகப்பணி மாணவர்களும் படிக்கிறார்கள். அதைத் திரையில் செய்யப் போனபோது வந்திருந்த குடியிருப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், மவுஸ் மாணவர் கையில் இருந்தது. வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தோம். இருட்டான சந்து, தண்ணீர் தேங்கும் மூலை, தெருவைச் சுற்றிப் போக வைக்கும் பூட்டிய கேட் என்று அரை மணி நேரத்தில் தாள் நிறைந்தது. பிறகு ஆவணக் கேமராவில் படமெடுத்து மாணவர்கள் கணினியில் ஏற்றினார்கள். ஆவணக் கேமரா ஒன்றும் விலை உயர்ந்ததல்ல, ஆனால் எங்கள் அறையில் அதிகம் உழைப்பது அதுதான்.

மக்களே படமெடுத்துத் தங்கள் கதையைச் சொல்லும் ஃபோட்டோவாய்ஸ் முறையையும் செய்கிறோம். செல்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு ஒளிந்திருக்கலாம். ஒரு குழுவின் படங்களைப் பகிர்வுக் கோப்புறையில் ஏற்றிய பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது. உடனே எடுத்துவிட்டு, இடத்தகவலை நீக்கி மறுபடி ஏற்றினோம். அந்தக் குழுவிடம் போய் நடந்ததையும் சொன்னோம். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு சக ஆசிரியர் நினைத்தார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

திரைக்கு இந்த ஆண்டு உத்தரவாதம் முடிகிறது. நீட்டிக்கப் போவதில்லை. அந்தப் பணத்தில் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், ஒரு கேமரா அடங்கிய பெட்டி வாங்கக் கேட்டிருக்கிறேன். வைக்கப் போவது எங்கள் அறையில் இல்லை, அன்று பாதிதான் புரிந்தது என்று சொன்ன குடியிருப்போர் குழுவின் அலுவலகத்தில். துறைக்கு வெளியே சொத்தை வைப்பதற்கு எந்தப் பதிவேட்டில் கையெழுத்து என்று கணக்குப் பிரிவு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.