டெர்மினலில் டிராக்ட் கணக்கு: டோக்கன் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பார்த்த படங்களையும் தொடர்களின் எபிசோடுகளையும் குறித்து வைக்கும் டிராக்ட் சேவையை, பிரௌசரே இல்லாத சர்வரிலிருந்து ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது. லாகின் செய்வது சில நிமிட வேலை. அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்குமா என்பது ரெஃப்ரெஷ் டோக்கனை (காலாவதியான டோக்கனுக்குப் பதில் புதியது வாங்க உதவும் ரகசிய எழுத்துத்தொடர்) எப்படிச் சேமிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தளத்தில் ஓர் ஆப் பதிவு செய்து கிளையன்ட் ஐடி (ஆப்பின் அடையாளம்), கிளையன்ட் சீக்ரெட் (அதன் கடவுச்சொல்) இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது டிவைஸ் கோட் முறை. கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கட்டளை) மூலம் கிளையன்ட் ஐடியை அனுப்பினால் ஒரு டிவைஸ் கோடும், திரையில் காட்ட வேண்டிய யூசர் கோடும் வரும். போனில் டிராக்ட்டின் ஆக்டிவேட் பக்கத்தைத் திறந்து யூசர் கோடை அடித்து அனுமதி தர வேண்டும். அதற்கு 600 விநாடி அவகாசம். அதுவரை ஸ்கிரிப்ட் 5 விநாடிக்கு ஒருமுறை டோக்கன் கேட்டுக்கொண்டிருக்கும். 400 என்று பதில் வந்தால் பதற வேண்டாம், இன்னும் அனுமதி தரவில்லை என்றுதான் அர்த்தம். அதைப் பிழையாக எண்ணி வெளியேறிவிடும் ஸ்கிரிப்ட்கள் நிறைய. 429 வந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். 410 என்றால் நேரம் முடிந்தது, 418 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆக்சஸ் டோக்கன் (ஒவ்வொரு கோரிக்கையோடும் காட்டும் அனுமதிச் சீட்டு) முன்பு 3 மாதம் தாங்கியது. 2025-இல் அதை 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். '90 நாள்' என்று ஸ்கிரிப்டில் எண்ணாகவே எழுதி வைத்திருந்தால் அன்றோடு அது படுத்திருக்கும். ஆயுள் எத்தனை விநாடி, எப்போது உருவானது என்ற இரண்டு எண்களும் டோக்கனோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கூட்டிக் கணக்குப் போட்டால், நாளை எப்படி மாற்றினாலும் கவலையில்லை.

பெரும்பாலான தொல்லை ஆக்சஸ் டோக்கனைப் புதுப்பிக்கும்போதுதான். ரெஃப்ரெஷ் டோக்கன் ஒருமுறைதான் செல்லும். பயன்படுத்திய கையோடு பழையது செத்துப்போய் புதியது வரும். அந்தப் புதியதை எழுதாமல் கோட்டைவிட்டால் மறுபடியும் போனும் கையுமாக உட்கார வேண்டியதுதான். கர்ல் பதிலை நேராக டோக்கன் ஃபைலுக்குத் திருப்பிவிடுவது இங்கே பெரிய தப்பு. ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) முதலில் ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் கர்லையே ஓட்டும். 401 (அனுமதி செல்லாது என்ற பதில்) வந்தாலும் கர்ல் வெற்றி என்றே சொல்லி முடிக்கும். விளைவு, டோக்கன் இருந்த இடத்தில் பிழைச் செய்தி உட்கார்ந்திருக்கும். எனவே இப்படிப்பட்ட பதிலைத் தோல்வி என்றே சொல்ல வைக்கும் 'ஃபெயில்' ஆப்ஷனைக் கர்லுக்குக் கொடுங்கள். பதிலை அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலாக எழுதி, உள்ளே ரெஃப்ரெஷ் டோக்கன் இருக்கிறதா என்று ஜேக்யூவால் (பதிலைப் பிரித்துப் படிக்கும் கருவி) பார்த்த பிறகே எம்வி கட்டளையால் பெயர் மாற்றுங்கள். 'அதே ஃபோல்டர்' என்பது முக்கியம். டெம்ப் ஃபோல்டர் வேறு ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால் எம்வி பெயரை மாற்றாது, நகலெடுக்கும். டிஸ்க் நிறைந்திருந்தால் பாதியில் நிற்கும்.

அடுத்தது கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி. ஒரே டோக்கனை நம்பி இரண்டு வேலைகள் ஒரே நிமிடத்தில் ஓடினால் முதலாவது புதுப்பித்துவிடும், இரண்டாவது செத்த டோக்கனை நீட்டும். எஃப்லாக் (ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் கட்டளை) போட்டுப் பூட்டுங்கள். பூட்டு கிடைத்ததும் ஃபைலை மறுபடி படித்துப் பாருங்கள், அதற்குள் வேறொன்று புதுப்பித்திருக்கலாம். இந்த மறுவாசிப்பை விட்டுவிட்டால் பூட்டியும் பயனில்லை. இதே காரணத்தால் டோக்கன் ஃபைலை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கவும் கூடாது. ஒவ்வொரு கணினிக்கும் தனியாக டிவைஸ் லாகின் செய்யுங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் ஓட்டினால் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். பேட்டரிக் கடிகாரம் அதில் இல்லை. கரண்ட் போய் வந்ததும் நெட் நேரம் ஒத்திசையும்வரை பழைய நேரத்தையே காட்டும். ஸ்கிரிப்ட் டோக்கன் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்குப் போட்டு 401 வாங்கும். ஆகவே கணக்கு என்ன சொன்னாலும், 401 வந்தால் ஒருமுறை புதுப்பித்து முயலட்டும். ஒரே முறைதான், லூப் வேண்டாம்.

டோக்கன் ஃபைலின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) ஆக இருக்கட்டும். உருவாக்கிய பிறகு சிஹெச்மோட் கட்டளையால் அனுமதியை மாற்றுவதைவிட, புது ஃபைல்களை மற்றவர் தொடாமல் தடுக்கும் யூமாஸ்க் 077-ஐ முன்கூட்டியே வைப்பது நல்லது, இடையில் யாரும் படிக்க வாய்ப்பில்லை. கிளையன்ட் சீக்ரெட்டைக் கட்டளை வரியில் அடிக்காதீர்கள். ஷெல் ஹிஸ்டரியில் தங்கும், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் மற்றவர் கண்ணிலும் படும். ஸ்டேண்டர்ட் இன்புட் (நிரலுக்குள் நேராகச் செலுத்தும் உள்ளீடு) வழியாகக் கொடுங்கள்.

கணினியைக் கைமாற்றும் முன் ஃபைலை அழித்தால் போதாது. ரிவோக் கோரிக்கை அனுப்பி டோக்கனையே ரத்து செய்துவிட்டு, அதன் பிறகு அழியுங்கள்.