ஆல்ஃபிரெஸ்கோ: அரசு ஊழியரின் புதிய யோசனைக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

ஆவண மேலாண்மை மென்பொருளை மதிப்பிடும்போது அதன் கொள்ளளவையும் தேடல் வேகத்தையும் பார்க்கிறோம். அரசு ஊழியர் தம் வேலைமுறையைத் தாமே செம்மைப்படுத்திக்கொள்ள அது இடம் தருகிறதா என்று கேட்பது அரிது. 2005இல் தொடங்கப்பட்டு 2020இல் ஹைலேண்ட் நிறுவனத்திடம் சென்ற ஆல்ஃபிரெஸ்கோ என்னும் ஆவண மேலாண்மை மென்பொருளின் கட்டணமில்லாச் சமூகப் பதிப்பை அந்தக் கேள்வியோடுதான் இங்கே அணுகுகிறேன்.

பணியிடப் புத்தாக்கத்தை ஆய்வாளர் ஒன்னே யான்சன் 2000இல் மூன்றாகப் பிரித்தார்: யோசனை தோன்றுதல், அதற்கு ஆதரவு திரட்டுதல், நடைமுறைப்படுத்துதல். இவற்றில் முதலாவதற்கு இம்மென்பொருளின் பதிப்பு வரலாறு நன்றாகவே உதவுகிறது. வரைவை யார், எப்போது திருத்தினார்கள் என்பது அதில் பதிவாகிவிடுவதால், ஒரே வகைக் கோப்பு ஏன் திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு வருகிறது என்று பிரிவு ஊழியர் ஊகிக்க வேண்டியதில்லை. முந்தைய பதிப்புக்கு மீளவும் முடிகிறது. தவறினால் விளக்கம் கேட்பார்களே என்ற அச்சம் பலரைப் பழைய படிவத்தோடு கட்டிப்போடும் அரசுப் பணியில், இந்த ஒரு வசதியின் மதிப்பு மிகப் பெரிது.

எனக்கு மிகவும் பிடித்தது கோப்புறை விதிகள். உரிய அனுமதி உள்ளவர் நிரல் எதுவும் எழுதாமலே, ஒரு கோப்புறைக்குள் வரும் ஆவணத்தை வேறிடத்துக்கு நகர்த்தவோ, பிடிஎஃப் ஆக மாற்றவோ, உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பவோ விதி அமைத்துவிடலாம். யோசித்தவரே செய்தும் பார்க்கும் வாய்ப்பு அலுவலக மென்பொருள்களில் எளிதில் அமைவதில்லை. ஆதரவு திரட்டுவதற்குக் கருத்துரைகளும் விவாதப் பகுதியும் உள்ளன, அவை போதுமானவை.

ஒப்புதல் படிநிலையை மாற்ற முனையும்போதுதான் இடறுகிறது. ஒருவர் அல்லது பலர் பார்த்து ஒப்புதல் தரும் எளிய பணிப்பாய்வுகள் ஆயத்தமாகவே கிடைத்தாலும், தொகைக்கேற்ப வழி பிரியும் ஒப்புதல் போன்ற ஒன்றுக்கு பிபிஎம்என் 2.0 என்னும், பணிப்பாய்வுகளை விவரிப்பதற்கான தரநிலை வடிவில் வரையறை எழுதி, நிர்வாகியைக் கொண்டு நிறுவ வேண்டும். இதனால் மூன்றாம் கட்டம் ஊழியரின் கையைவிட்டுத் தொழில்நுட்பப் பிரிவின் வரிசைக்குப் போய்விடுகிறது. இதைப் பயன்படுத்தும் அலுவலகம், அத்தகைய வரையறை எழுதத் தெரிந்த ஒருவரைப் பிரிவுகளுக்கு அருகிலேயே அமர்த்துவது நல்லது.

வருடிய தாள்களின் எழுத்துகளை இது தானாகப் படிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எழுத்துணரி நீட்சி ஒன்றை இணைக்காவிட்டால் பழைய கோப்புகள் வெறும் படங்களாகவே கிடக்கும். ஆகவே அதற்கான செலவையும் ஆள் உழைப்பையும் தொடக்கத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.