வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாவா, பேஸ்புக்கா: பிள்ளைகள் ஆங்கிலம் எழுதிப் பழக எது தேறும்?

காட்பாடியிலும் குடியாத்தத்திலும் பல வீடுகளில் பிள்ளை தொடும் போன் அப்பாவுடையதுதான். அதில் வாட்ஸ்அப் ஏற்கெனவே இருக்கும். ஏழெட்டுப் பேர் குழு, நாளுக்கு ஐந்து வாக்கியம் என்று அன்றைக்கே தொடங்கிவிடலாம். சிக்கல் திருத்தும்போதுதான். அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் மாற்ற முடியும். மாற்றினால் பழைய வாக்கியம் காணாமல் போய்விடும். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதிய பிள்ளை, யாராவது சொன்னதும் 'கோ' என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடும். மறுநாள் அதே பிழை வரும். பழைய செய்தியை வலப்பக்கம் தள்ளி, அதற்கு ரிப்ளையாகத் திருத்திய வாக்கியத்தை அனுப்பச் சொல்லுங்கள். தப்பும் சரியும் சேர்ந்தே கண்ணில் படும்.

இன்ஸ்டாகிராமில் படக்குறிப்புக்கு 2,200 எழுத்து வரை இடமுண்டு; பிள்ளைகள் போடுவதோ மூன்று சொல், நாலு எமோஜி. வேலூர்க் கோட்டை அகழியைப் படமெடுத்தால் அதைப் பற்றி எழுதும் ஆசை தானாக வரும், மறுக்கவில்லை. ஆனால் கீழே வருவது 'சூப்பர்டா' மட்டுமே. இலக்கணத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

பேஸ்புக் என்றால் 'அதெல்லாம் பெரியவங்களுக்கு' என்பார்கள். இருந்தாலும் நூறு சொல் பத்தி எழுத வைக்க அதன் தனிக்குழுதான் என் தேர்வு. பதிவைத் திருத்தினாலும் பழைய வடிவங்கள் திருத்த வரலாற்றில் இருக்கும். மூன்று புள்ளியைத் தொட்டால் முதல் வரைவிலிருந்து என்ன மாறியது என்று பிள்ளையே பார்க்கலாம். கருத்துகளும் அந்தந்தப் பதிவின் கீழேயே கிடக்கும், வாட்ஸ்அப் போல மேலேறி ஓடிவிடாது.

மூன்றுக்கும் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் வகுப்புப் பிள்ளை என்றால் பெற்றோர் கணக்கில், பெற்றோர் பக்கத்தில் இருக்க.

எதை எடுத்தாலும் கெடுப்பது கீபோர்டுதான். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் அமைப்பில் திருத்தங்களுக்கான பகுதிக்குப் போய் 'ஆட்டோ கரெக்‌ஷன்', சொல் பரிந்துரை இரண்டையும் அணையுங்கள். சிவப்புக் கோடு காட்டும் 'ஸ்பெல் செக்' இருக்கட்டும். அது பிழையைக் காட்டும், தானாக மாற்றாது. தேர்வு பேனாவில்தான் என்பதால், வாரம் இரு நாள் நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

எல்லாப் பிழையையும் ஒரே நாளில் வட்டமிட்டால் பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிடும். ஒரு வாரம் இறந்தகால வினை மட்டும். அடுத்த வாரம் 'எ' (a), 'தி' (the) விடுபட்ட இடங்கள் மட்டும்.