மீன் வான் தகட்டுக்கு எந்த மிக் பிளாண்ட்?

என் மருமகன் திருகோணமலைப் பாலையூற்றில் சின்னதாக ஒரு டிங்கரிங் கராஜ் போட்டிருக்கிறான். வருகிற வாகனங்களில் பாதி மீன் ஏற்றும் வான்கள். பெட்டியிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர் தரைத் தகட்டில் ஊறி ஊறி, கம்பளத்தைத் தூக்கினால் கீழே ரோடு தெரியும். இத்தனை நாளும் காஸ் வெல்டிங்கில் சமாளித்துவந்தான். இப்போது மிக் பிளாண்ட், அதாவது வயரைத் தானாகத் தள்ளி, காற்றுப் படாமல் காஸால் மூடி ஒட்டும் கரண்ட் வெல்டிங் மிஷின் ஒன்று எடுக்க வேண்டும் என்கிறான். கையில் இருக்கும் காசு அளவானது. முன்னால் இருக்கும் வழிகளோ நான்கு.

ஒன்று, கொழும்பு பழைய சோனகத் தெருவில் அவன் பார்த்துவிட்டு வந்த, காஸ் தேவைப்படாத குட்டி இன்வேர்ட்டர், அதாவது எலெக்ட்ரோனிக் சர்க்கிட்டில் ஓடும் பாரம் குறைந்த பிளாண்ட். இரண்டாவது, அதே தெருவில் காஸும் பூட்டக்கூடிய கொஞ்சம் பெரிய இன்வேர்ட்டர். மூன்றாவது, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் பிளாண்ட். நான்காவது, கனடாவில் இருக்கும் அவனுடைய சித்தப்பா அனுப்பி வைப்பதாகச் சொன்ன அமெரிக்க மிஷின். விலைகள் டொலரோடு சேர்ந்து ஆடுவதால் இங்கே தொகை எழுதவில்லை. காஸ் இல்லாத குட்டிதான் மலிவு என்பது மட்டும் மாறாது.

முதல் நாளே அவன் கேட்டது இதுதான்: “மாமா, காஸ் பூட்டுற இன்வேர்ட்டர் ரெண்டு இருக்கு. ஒண்டில 200 அம்பியர் எண்டு போட்டிருக்கு, மற்றதில 160தான். விலை கிட்டத்தட்ட ஒண்டு. 200ஐ எடுப்பமா?”

எல்லோரும் விழுகிற குழி அது. காரின் வெளித் தகடு 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர் வரைதான் இருக்கும். தரைத் தகடு ஒரு மில்லிமீற்றரை ஒட்டியது. இரும்புக்கு மில்லிமீற்றருக்கு 40 அம்பியர் என்பது ஒரு கைக்கணக்கு. அப்படியென்றால் இந்த வேலை முழுக்க 30க்கும் 50க்கும் இடையில் நடக்கிறது. 200 வரை போகுமா என்று பார்ப்பதில் பயன் இல்லை. 30க்கு இறக்கும்போது வில், அதாவது வயர் நுனியில் எரியும் மின்பொறி, விட்டு விட்டு எரியாமல் நிற்குமா என்று பாருங்கள். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போடுவது மேல் எண்ணை. நமக்கு வேண்டிய கீழ் எண் பின்பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் கிடக்கும்.

காஸ் இல்லாத குட்டி அடிபடுவது இங்கேதான். அதில் ஓடுவது உள்ளே ஃப்ளக்ஸ் தூள் அடைத்த வயர்; எரியும்போது காஸின் வேலையை அந்தத் தூள் பார்க்கும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 0.8 அல்லது 0.9 மில்லிமீற்றர். அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் ஃப்ளக்ஸ் வயருக்கு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர் தகட்டிலிருந்துதான் சிபாரிசு தொடங்கும். காஸோடு 0.6 கட்டி வயர் (உள்ளே தூள் இல்லாதது) போட்டால் 24 கேஜ் வரை, அதாவது சுமார் 0.6 மில்லிமீற்றர் தகடு வரை இறங்கலாம். டிங்கரிங்காரனுக்கு முழு வித்தியாசமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஃப்ளக்ஸ் வயரில் தகட்டு வேலை செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு டக்குக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளி ஒட்டுக்கும், கசடு தட்ட வேண்டும், புகை கண்ணைக் கரிக்கும், கொஞ்சம் அசந்தால் ஓட்டை. ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

அதன் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால் திருகோணமலையில் வெளியில் வைத்து காஸ் மிக் பிடிப்பது சீவன் போகிற வேலை. கையில் பிடித்து ஒட்டும் டோர்ச்சின் வாயிலிருந்து வரும் காஸைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், பிடித்த இடம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக நிற்கும். ஃப்ளக்ஸ் வயருக்கு அந்தத் தொல்லை குறைவு. படலை, கிறில், படகு ஏற்றும் ட்ரெய்லர் என்று திறந்த வெளியில் தடித்த இரும்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தக் குட்டியே போதும். மருமகனுக்கு மூன்று பக்கம் சுவர் இருக்கிறது. நாலாவது பக்கத்துக்கு ஒரு படங்கு கட்டினால் சரி.

ஜப்பான் பிளாண்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நல்ல இரும்பு, நல்ல செம்பு, ஆயுளுக்கும் கிடக்கும். ஆனால் அங்கே தொழிற்சாலை மின்சாரம் 200 வோல்ட் மூன்று பேஸ், இங்கே மூன்று பேஸ் என்றால் 400. அவனுடைய கராஜுக்கு வருவதோ ஒற்றைப் பேஸ். அதோடு அந்தப் பெரிய மிஷின்கள் மெல்லிய தகட்டுக்காகப் பிறந்தவையும் அல்ல.

கனடாப் பிளாண்ட்தான் மனதைக் குழப்பியது. சித்தப்பா சொன்னது ஹோபார்ட் ஹேண்ட்லர் 140. 25 முதல் 140 அம்பியர் வரை, அந்த அளவுக்குள் பெயர் எடுத்த மிஷின், தகட்டு வேலைக்கு அருமை. சிக்கல் சுவரில் இருக்கிறது. அது 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மிஷின். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நடுவில் தூக்கவே இரண்டு பேர் வேண்டிய ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் வோல்ட்தான் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. 60க்குச் சுற்றிய ட்ரான்ஸ்போமர் 50இல் கூடச் சுடும். சித்தப்பா லண்டனில் இருந்திருந்தால் கதை வேறு. அங்கே வோல்ட்டும் ஹேர்ட்ஸும் நம்முடையதேதான், 13 அம்பியர் பிளக்கைக்கூட வெட்டத் தேவையில்லை.

ஆக மிஞ்சியது காஸ் பூட்டும் இன்வேர்ட்டர். ஜாசிக், ரிலாண்ட் என்று சீனப் பெயர்கள் பல உண்டு. பெயரை விட நான் பார்க்கச் சொன்னவை வேறு. 0.6 வயருக்கான உருளை பெட்டியோடு வருகிறதா? பலதில் 0.8, 1.0 மட்டும்தான் இருக்கும். வயர் தள்ளும் பகுதி பிளாஸ்டிக்கா, உலோகமா? டோர்ச் யூரோ கொழுவியில் கழற்றி மாட்டக்கூடியதா? பொதுவான 15 வகை டோர்ச் என்றால் முனையும் மூக்கும் எங்கும் வாங்கலாம். அப்புறம், பிளஸ் மைனஸ் மாற்ற வசதி வேண்டும். காஸோடு கட்டி வயர் போட்டால் டோர்ச் பிளஸில், ஃப்ளக்ஸ் வயருக்கு மைனஸில். ஒருமுறை நானே மாற்ற மறந்து, வயர் கெட்டுப்போய்விட்டது என்று அரைநாள் வயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டியூட்டி சைக்கிள் 20 வீதம் என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் தொடர்ந்து ஒட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும். டக் டக்கென்று வைக்கிற தகட்டு வேலைக்கு அது இடிக்காது. கரண்டும் அப்படியே. 40 அம்பியர் வெல்டிங்குக்குச் சுவரிலிருந்து ஒரு கிலோவாட் அளவுதான் இழுக்கும். ஆனால் இழுவை வயரில் கஞ்சத்தனம் கூடாது. 25 மீற்றர் நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 13 அம்பியர் போனால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 2.5 வயரில் 6 வோல்ட்டோடு தப்பலாம்.

காஸ்தான் பெரிய கேள்வி. ஆர்கன் கலவையில் வில் மெத்தென்று எரியும், தெறிப்பு குறைவு. தனி சீஓடூவில் (கரியமில வாயு) தெறிப்பு அதிகம், சத்தமும் முரடு, சூடும் ஆழமாக இறங்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அழுத்தக் கலவை 1,500 லீற்றர். நிமிடத்துக்கு 8 லீற்றர் விட்டால் மூன்று மணி நேரம். சீஓடூ திரவமாக நிற்பது, 10 கிலோவில் 5,400 லீற்றர் அளவு கிடைக்கும். அதே 8 லீற்றரில் 11 மணி நேரம். கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு கையைக் கடிக்கும். சீஓடூவில் தொடங்கு, தெறிப்பைக் கிரைண்டரால் தட்டிக்கொள் என்றேன். பிளாண்டுக்குக் காசு கொடுக்கும் முன்பே சிலிண்டர் நிரப்பித் தருகிறவரிடம் பேசிவிட வேண்டும்.

இன்வேர்ட்டரில் எனக்கு உள்ள ஒரே பயம் உப்புக் காற்று. உள்ளே சர்க்கிட் போர்ட், பின்னால் விசிறி. கிரைண்டர் தூளையும் கடல் ஈரத்தையும் சேர்த்தே உறிஞ்சும். பழைய ட்ரான்ஸ்போமர் பிளாண்ட் இதையெல்லாம் சட்டை செய்யாது. ஆகவே வேலை முடிந்தால் மூடி வை, கிரைண்டரைத் தள்ளிப் பிடி, மாரி தொடங்கினால் வயர்ச் சுருளைக் கழற்றி மூடி இறுக்கமான டின்னில் போடு. கறள் ஏறிய வயர் டோர்ச் குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கடையில் ஒரு பழைய கதவுத் தகட்டை இரண்டாக வெட்டிக் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விட்டாராம். தட்டையாக அடித்த செம்புக் குழாய் ஒன்றைத் தகட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, 25 மில்லிமீற்றருக்கு ஒரு டக், பிறகு இடைவெளிக்கு நடுவில் ஒரு டக், சூடு ஆறும்வரை அடுத்த முனைக்குப் போவது. அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வந்ததாம். தகடு நெளியவில்லை. காஸ் வெல்டிங் இணைப்பைப்போல இதைச் சுத்தியலால் இழுத்துத் தட்ட முடியாது, இது கடினம், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு குறையை அவன் இன்னும் முணுமுணுக்கிறான்.

அந்த 160 அம்பியர் இன்வேர்ட்டரைத்தான் எடுத்தான். சித்தப்பாவிடம் மிஷின் வேண்டாம், தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட் ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு வோல்ட் பிரச்சினை இல்லை, பார்சலில் வருகிறது.