டிடிஎம் ஸ்லாண்ட்: மஞ்சள் சிவந்தால் என்ன அர்த்தம்?

படர்தாமரைக்குக் கல்ச்சர் போடும், அதாவது தோல் செதிலிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் இடங்கள் பலவற்றில் இப்போது வாங்கப்படுவது, குப்பியில் சாய்வாக உறையவைத்து வரும் டெர்மடோஃபைட் டெஸ்ட் மீடியம், சுருக்கமாக டிடிஎம். தோல் பிரிவிலேயே இருக்கும் சிறு ஆய்வகமான சைட் லேபுக்கும் மைக்ரோபயாலஜி மாணவர்களின் பயிற்சிக்கும் ஒரே குப்பியையே வாங்கிவிடுகிறார்கள். முதல் வேலைக்கு அது நன்றாகவே உதவும். இரண்டாவதற்கு அதை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் போய்விடும்.

டேவிட் டாப்ளினும் அவருடைய குழுவினரும் 1969இல் வெளியிட்ட மீடியம் இது. பூஞ்சையைப் பார்த்து இனம் பிரிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பதே நோக்கம். ஒரு லிட்டருக்கு புரதச் சத்தான சோயா பெப்டோன் 10 கிராம், சர்க்கரையான டெக்ஸ்ட்ரோஸ் 10 கிராம், அகார் 20 கிராம், நிறம் காட்டும் ஃபீனால் ரெட் 0.2 கிராம், வேண்டாத பூஞ்சைகளைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸிமைட் 0.5 கிராம். பாக்டீரியாவை அடக்க ஜென்டாமைசினும் குளோர்டெட்ராசைக்ளினும் தலா 0.1 கிராம். சில தயாரிப்பாளர்கள் குளோர்டெட்ராசைக்ளினுக்குப் பதிலாக குளோரம்ஃபெனிகால் சேர்க்கிறார்கள். பிஎச் 5.5 என்பதால் புதுக் குப்பி மஞ்சளாக இருக்கும்.

டெர்மடோஃபைட், அதாவது படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, முதலில் பெப்டோனைத்தான் தின்னும். அதில் வெளியாகும் அம்மோனியா மீடியத்தைக் காரமாக்க, மஞ்சள் சிவப்பாகிறது. மற்ற பூஞ்சைகள் சர்க்கரையை முடித்துவிட்டுத்தான் பெப்டோனுக்கு வரும். ஆக, அவையும் கடைசியில் சிவக்க வைப்பவைதான், என்ன, தாமதமாக. இந்தச் சோதனை முழுக்க அந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது. குப்பியைத் தினமும் பார்க்கச் சொல்வதும், 14 நாளுக்குப் பிறகு வரும் சிவப்பைக் கணக்கில் எடுக்காதே என்பதும் இதனால்தான். திங்கட்கிழமை போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு எல்லாக் குப்பியும் சிவப்பாகத்தான் தெரியும்.

நிறம் மட்டும் போதாது, கூடவே காலனி, அதாவது பூஞ்சை வளர்ந்த திட்டு, இருக்க வேண்டும். அதுவும் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ, பஞ்சு போலவோ மாவு போலவோ. பச்சை, கறுப்பு, அடர் பழுப்புக் காலனியைச் சுற்றிச் சிவந்தால் அது காற்றிலிருந்து விழுந்த பூஞ்சை. காலனியே இல்லாமல் மீடியம் சிவந்தாலோ, வழவழவென்று பளபளக்கும் படலம் மட்டும் இருந்தாலோ பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். ஸ்கோபுலாரியாப்சிஸ், கிரைசோஸ்போரியம், சில ஆஸ்பெர்ஜில்லஸ்கள் போன்ற டெர்மடோஃபைட் அல்லாத பூஞ்சைகள் 14 நாளுக்குள்ளேயே சிவக்க வைத்து ஏமாற்றுவதும் உண்டு. நகத்தில் சுரண்டிய மாதிரி என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

குப்பியில் குறை சொல்லும் முன் போட்ட கையைப் பார்க்க வேண்டும். இடத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு, படையின் நடுவில் சுரண்டாமல் சிவந்து உயர்ந்த ஓரத்தில் சுரண்ட வேண்டும். உயிருள்ள இழைகள் அங்கேதான். செதில்களைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து உலர்வாக வைக்கலாம். ஈரமான, இறுக மூடிய குப்பியில் வைத்தால் பாக்டீரியா பெருகிவிடும். பூஞ்சைக்கான களிம்பு தடவி வந்தவர் குறைந்தது ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருவது நல்லது. க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவியவரின் படையில் வளையம் கலைந்து ஓரமே தெரியாது. ஆனால் கேஓஎச் மவுண்டில் (செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) இழைகள் அள்ளி வரும்.

மாதிரியில் பாதி முதலில் கேஓஎச்சுக்குப் போக வேண்டும். தோலுக்கு 10 சதவீதம், ஐந்து பத்து நிமிடம். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம், சில மணி நேரம். மைக்ரோஸ்கோப்பின் கண்டென்சரை இறக்கி, 10எக்ஸில் தேடி 40எக்ஸில் உறுதி செய்ய வேண்டும். செல்களின் எல்லைக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் கோடு பூஞ்சை இல்லை. எல்லைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தடுப்புச் சுவர்களோடு கிளைவிட்டுப் போவதுதான் இழை. இந்த மவுண்ட் இல்லாமல் டிடிஎம் மட்டும் போடும் இடங்களில் வரும் ரிப்போர்ட்டை நாம் பெரிதாக நம்ப மாட்டோம்.

மீதிச் செதிலை ஸ்லாண்டில் மூன்று நான்கு இடத்தில் வைத்து லேசாக அழுத்தினால் போதும். ஆழமாகப் புதைத்தால் காற்றில்லாமல் வளராது. மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைப்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இறுக்கினால் ஆக்சிஜன் குறையும். உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடு மீடியத்தை அமிலப் பக்கமே இழுத்துப் பிடித்துவிடும். காலனி வந்தும் நிறம் மாறாத குப்பிகளில் முதலில் மூடியைப் பாருங்கள். 25 முதல் 30 டிகிரி தேவை. சென்னையின் மே மாதத்தில் மேசை மீது வைத்து அறை வெப்பம் என்று எழுதிக்கொள்வது சரிவராது. பெரும்பாலான டெர்மடோஃபைட்டுகள் 37 டிகிரியில் சுணங்கிவிடும். குளிர்விக்கவும் கூடிய பிஓடி இன்குபேட்டரில் 28இல் வைத்துவிட்டால் கவலையில்லை.

இனி குப்பியின் சொந்தக் குறைகள். முதலாவது, சைக்ளோஹெக்ஸிமைட். அழையா விருந்தாளிகளைத் தடுக்கும் அதே மருந்து, நமக்கு வேண்டிய சிலதையும் தடுத்துவிடும். நியோசைட்டாலிடியம் டிமிடியேட்டம் என்ற பூஞ்சை வெப்ப நாடுகளில் பாதத்திலும் நகத்திலும் படர்தாமரையைப் போலவே வரும், கேஓஎச்சிலும் இழை தெரியும், டிடிஎம்மில் மட்டும் எதுவும் வளராது. கேஓஎச் பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ் என்று திரும்பத் திரும்ப வரும் நகங்களில் இதை நினைக்காதவர்கள் குப்பியைத் திட்டுவார்கள். தேமலுக்கு டிடிஎம் வாங்குவது வெறும் காசு விரயம். தேமலை உண்டாக்கும் மலாசீசியாவுக்குக் கொழுப்பு வேண்டும், இதில் அது இல்லை.

மாணவர்களைப் பாதிக்கும் குறை இன்னொன்று. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற டெர்மடோஃபைட்டின் அடையாளமே காலனியின் அடிப்புறத்து ஒயின் சிவப்பு. மீடியமே சிவந்துவிட்டால் அதை எங்கே போய்ப் பார்ப்பது? தென்னிந்தியக் குழந்தைகளின் தலைப் படையில் அடிக்கடி கிடைக்கும் டிரைக்கோஃபைட்டான் வயலேசியத்தின் ஊதாவும் இப்படியே மறைந்துவிடும். அது மெதுவாக வளர்வது என்பதால் 14 நாள் கணக்கில் தவறிப்போகவும் வாய்ப்புண்டு. ஆகவே பக்கத்தில் குளோரம்ஃபெனிகாலும் சைக்ளோஹெக்ஸிமைடும் கலந்த, நிறம் மாறாத சபரோ அகார் மீடியம் ஒன்று, சைக்ளோஹெக்ஸிமைட் இல்லாத சபரோ இன்னொன்று வைத்து, நான்கு வாரம் பார்க்க வேண்டும். நிறமி கிளம்பவும், கொனிடியா என்னும் வித்துகள் நன்றாக வரவும் பொட்டேட்டோ டெக்ஸ்ட்ரோஸ் அகாருக்கு மாற்றிப் போடலாம்.

இனம் பிரிப்பது, காலனியில் ஒட்டி எடுக்கும் ஒளி ஊடுருவும் டேப்பும் லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ சாயமும் செய்யும் வேலை. திராட்சைக் கொத்து போல உருண்டை மைக்ரோகொனிடியாவும் (சிறு வித்து) சுருள் இழையும் தெரிந்தால் டிரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ் பக்கம். இழையின் இருபுறமும் கண்ணீர்த்துளி வடிவில் ஒட்டியிருந்தால் ரூப்ரம். மைக்ரோகொனிடியாவே இல்லாமல் கதாயுதம் போன்ற மேக்ரோகொனிடியா (பெரிய வித்து) கொத்தாக நின்றால் எபிடெர்மோஃபைட்டான் ஃப்ளாக்கோசம். யூரியாவை உடைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனை ஏழு நாளில் பாசிட்டிவ் என்பது மென்டாக்ரோஃபைட்டிஸுக்கு வலு சேர்க்கும். ரூப்ரம் பெரும்பாலும் நெகட்டிவ்.

இந்தியாவில் இப்போது தலைவலியாக இருக்கும் டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே 2020இல் தனி இனமாகப் பெயர் பெற்றது. அதையும் மென்டாக்ரோஃபைட்டிஸையும் பார்வையால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது, டிஎன்ஏவின் ஐடிஎஸ் பகுதியை வரிசைப்படுத்த வேண்டும். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அது கேட்குமா என்பதற்கும் டிடிஎம்மில் பதில் கிடையாது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் டெர்பினாஃபைன் கலந்த சபரோவில் வளர்கிறதா என்று பார்ப்பது எளிய முதல் வடிகட்டல்.

பவுடரா, குப்பியா? மாதம் பத்து இருபது மாதிரி வரும் இடத்துக்குக் குப்பிதான் லாபம். பவுடரில் காய்ச்சுபவர்கள் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் எடை போடக்கூடாது, சைக்ளோஹெக்ஸிமைட் நச்சு. அமில மீடியத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அகார் கெட்டியாகாமல் கூழாக நிற்கும். சோப்புக் காரம் போகாத குப்பியில் ஊற்றினால் விதைக்கும் முன்பே ஆரஞ்சாகிவிடும். பெட்ரி டிஷ்ஷாக விற்பதை வாங்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஓரம் காய்ந்து சுருங்கும், திறக்கும்போதெல்லாம் ஸ்போர் பறக்கும்.

டிடிஎம் குப்பிக்கு நம் மதிப்பெண்: சைட் லேபுக்கு என்றால் பத்துக்கு ஏழு. மாணவர் பயிற்சிக்கு, தனியாக என்றால், நான்கு. வாங்கும்போது பெட்டியைத் திறந்து எல்லாக் குப்பியும் ஒரே மஞ்சளாக இருக்கிறதா, அகார் கண்ணாடியிலிருந்து விலகியிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் வைத்து, விதைக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஒவ்வொரு புதிய லாட்டிலும் (ஒரே முறை தயாரித்த தொகுதி) ஒரு குப்பியில் தெரிந்த மென்டாக்ரோஃபைட்டிஸையும் இன்னொன்றில் ஈ. கோலை பாக்டீரியாவையும் போட்டு, முன்னது சிவந்து பின்னது வளராமல் இருந்த பிறகே நோயாளியின் செதிலுக்குக் குப்பியை எடுங்கள்.